மண்டல விரதம் இருந்த மீன்தொட்டி

ஏற்காட்டில் கடல் இருந்தது என்று சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. ஏரி இருக்கிறது, அதை ஒப்புக்கொள்கிறார்கள். கடலும் இருந்தது. நாலரை அடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டடி ஆழம். ஏரியைத் தாண்டிக் கொஞ்சம் மேடேறினால் வரும் ஒரு ஓட்டலின் வரவேற்பறையில், சாவி மாட்டும் பலகைக்குப் பக்கத்தில், தேக்கு ஸ்டாண்டின் மேல் இருந்தது. அலை கிடையாது. மற்றபடி உப்பு, மீன், பாறை, பாறைக்குள் ஒரு கொலைகாரன் என்று ஒரு கடலுக்கு வேண்டிய எல்லாமே இருந்தன.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நான் அந்த ஓட்டலின் வரவேற்பாளன். மேனேஜர் என்று தனியாக ஒருவரை முதலாளி வைக்காததால் மேனேஜரின் வேலையும் என்னுடையதுதான். மேனேஜரின் நாற்காலி மட்டும் கிடைக்கவில்லை. முதலாளி சேலத்துக்காரர். கீழே ஜவ்வரிசி மில் வைத்திருந்தார். சனிக்கிழமை தவறாமல் காரில் மலையேறி வந்து, எதிலாவது ஒரு குறையைக் கண்டுபிடித்து, மனநிறைவோடு இறங்கிப் போவார்.

ஒருமுறை மெட்ராஸ் போனவர் அங்கே ஏதோ பெரிய ஓட்டலில் கடல்மீன் தொட்டியைப் பார்த்துவிட்டு வந்து, நம் ஓட்டலிலும் ஒன்று வைத்தால் என்ன என்று என்னைக் கேட்டார். சமையல்காரரையோ டிரைவரையோ கேட்காமல் என்னைக் கேட்டதற்குக் காரணம், கவுண்டரில் உட்கார்ந்து எந்நேரமும் ஏதாவது புத்தகம் படித்துக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான். படிக்கிறவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்பது அவருடைய எண்ணம். அந்த எண்ணத்தைக் கலைக்கிற துணிச்சல் எனக்கு என்றைக்குமே இருந்ததில்லை. தாராளமாக வைக்கலாம் என்றேன். அதற்குப் பிறகுதான் கடல்மீன் வளர்ப்பு பற்றி ஒரு ஆங்கிலப் புத்தகத்தைத் தேடிப் பிடித்தேன். வண்ணப் படங்கள் போட்ட முதல் பாதியை ஊன்றிப் படித்தேன். படமில்லாத இரண்டாம் பாதி அப்படியே இருந்தது.

பாண்டிச்சேரியிலிருந்து சேலத்துக்கு மீன் ஏற்றி வரும் லாரியில் கடல் தண்ணீர் கேன் கேனாக வந்தது. சேலத்திலிருந்து ஜீப். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கடல் சிந்திக்கொண்டே வந்து சேர்ந்ததில், ஜீப்பின் பின்சீட் அடுத்த மழைக்காலம் வரை உப்புப் பூத்துக் கிடந்தது. பாறையை நானே பொறுக்கினேன். அதற்காக ராமேஸ்வரம் பக்கம் பஸ்ஸில் போய் வந்தேன். ஓட்டை ஓட்டையாக, பாசியும் நத்தையும் புழுவும் ஒட்டிக்கொண்டு, பார்த்தாலே உயிர் இருப்பது தெரியும் பாறை அது. விற்ற ஆள், தொட்டிக்குள் வைக்கும் முன்பு கொஞ்ச நேரம் நல்ல தண்ணீரில் போட்டு வையுங்கள், ஓட்டைக்குள் ஏதாவது இருந்தால் வெளியே வந்துவிடும் என்றார். எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டேன். நல்ல தண்ணீர் பட்டால் பாறையின் அழகு கெட்டுவிடுமோ என்று எனக்கு ஒரு பயம். போடவில்லை.

ஏழு மீன்கள். ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட ஜோடிக்கு மாப்பிள்ளை, பொண்ணு என்று பேர். மஞ்சளாக, அகலமாக, யாரையும் மதிக்காமல் நடுத்தொட்டியில் உலவியது துரை. ஓரமாகவே போய்வந்த நீலம் ரைட்டர். கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சின்ன மீன்கள் மூன்றும் மேஸ்திரிகள். எஸ்டேட் ஊரில் கடலையும் எஸ்டேட் கணக்கில்தான் வைத்துக்கொள்ள முடிந்தது.

மேஸ்திரிகளுக்கும் துரைக்கும் சாப்பாடு போட்டது எங்கள் சமையல் மாஸ்டர். முப்பத்தைந்து வயதிருக்கும். சேலத்துக்காரர்தான். காலை முதல் பஸ்ஸில் ஐஸ் பெட்டி வந்ததும், எறாவை உரித்து, நாலைந்தைப் பொடியாக நறுக்கிக் கையில் ஏந்தியபடி வரவேற்பறைக்கு வருவார். அவர் கை தெரிந்ததும் துரை மேலே வந்து நிற்கும். நறுக்கியதில் பாதி கீழே விழுந்து பாறைக்குள் போகும். போனது மறுநாள் இருக்காது. தொட்டி தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்கிறது என்று விருந்தாளிகளுக்கு நான் விளக்கம் சொல்வேன். மே மாத சீசன் முழுவதும் இப்படியே போனது. ஏரியில் படகு விட்டுக் களைத்த குடும்பங்கள் வந்து தொட்டிக்கு முன்னால் நின்று வாயைப் பிளக்கும். வெளியே மழை, உள்ளே கடல், சமையலறையிலிருந்து மிளகு வறுக்கிற வாசம். அப்படி ஒரு ஆறு மாதம் எனக்கு வாழ்க்கையில் அப்புறம் வரவில்லை.

மாஸ்டருக்கு ஒரு பழக்கம் இருந்தது. குடிப்பார். குடித்தால் சண்டை போடமாட்டார், பாத்திரத்தை உடைக்கமாட்டார். செய்ததை மறந்துவிடுவார், அவ்வளவுதான். மறுநாள் காலையில் நாங்கள் சொல்லித்தான் தான் பாடியது, அழுதது எல்லாம் அவருக்குத் தெரியவரும். அவர் மனைவி முதலாளியின் ஜவ்வரிசி மில்லில் களத்தில் காயவைக்கும் வேலை பார்த்தார். சித்திரையில் அந்தம்மா மூட்டையைக் கட்டிக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். முதலாளி நடுவில் நின்று பேசிப் பார்த்ததற்கு ஒரே ஒரு பதில்தான் வந்தது. மாலை போட்டு நாற்பத்தோரு நாள் சுத்தமாக இருந்து காட்டட்டும், அப்புறம் மேலே வந்து குடித்தனம் செய்கிறேன். முதலாளியும் அதற்கு நான் ஜவாப்தாரி என்று சொல்லிவிட்டு வந்தார்.

கார்த்திகை முதல் தேதி மாஸ்டர் கறுப்பு வேட்டியும் மணிமாலையுமாக வந்து நின்றார். முதல் தடவை, கன்னிச்சாமி. மலைக்குப் போகிறவர் மீனையும் கறியையும் தொடக் கூடாது. எங்கள் சமையலறையில் அது இரண்டையும் தவிர வேறு எதையும் யாரும் கேட்பதில்லை. உதவிக்கு இருந்தவரிடம் அடுப்பை ஒப்படைத்தாயிற்று. மாஸ்டரைச் சும்மா உட்கார வைக்க முதலாளிக்கு மனம் வரவில்லை. கண்ணுக்கு முன்னால் இருக்கட்டும் என்ற எண்ணமும் உண்டு. வரவேற்பறையில் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைக் கொடுத்தார். அதுவும் மீன்தானே என்று நான் கேட்டேன். உயிரோடு இருக்கிற வரைக்கும் சைவம்தான் என்று தீர்ப்புச் சொன்னார்.

மாலை போட்டவரைச் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். அவரும் எல்லோரையும் சாமி என்பார். இது எல்லா ஊரிலும் உள்ளது. சேலம் பக்கம் கூடுதலாக ஒரு சிக்கல். அங்கே சின்னப் பிள்ளைகளையும் சாமி என்றுதான் கொஞ்சுவார்கள். கீழேயிருந்து வந்த குடும்பத்துத் தாய் ஒருத்தி, "ஓடாத சாமி, இங்க வந்து உக்காரு சாமி" என்று பிள்ளையை அதட்டினால், மாஸ்டர் திடுக்கிட்டுப் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார்.

சிக்கல் உண்மையில் தொட்டியில் ஆரம்பித்தது. மாஸ்டரால் எறாவைத் தொட முடியாது. நறுக்கித் தரச் சொல்லி உதவிக்காரரிடம் கேட்கலாம். ஆனால் அதைக் கையில் வாங்க வேண்டுமே. நான் போடலாம். நான் பிறந்தது வெங்காயத்தைக்கூட யோசித்துச் சாப்பிடும் வீட்டில். எறாவின் மீசையைக் கண்டாலே இரண்டு அடி தள்ளி நிற்பேன். மாஸ்டர் ஒருநாள் யோசித்துவிட்டு, மீன்களும் ஒரு மண்டலம் சைவமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். எனக்கு அது நியாயமாகவே பட்டது. பொட்டுக்கடலையை மாவாக இடித்துப் போட்டார். கீரையை வேகவைத்துக் கல்லில் கட்டி இறக்கினார். சனிக்கிழமை பூஜை முடிந்து சர்க்கரைப் பொங்கலோடு வந்தவரைத் தடுத்து நிறுத்தியது, அந்தத் தொட்டிக்கு நான் ஆற்றிய ஒரே விஞ்ஞானத் தொண்டு. மீன்கள் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு அப்புறம் தின்றன. முதலாளி வந்து பார்த்துவிட்டுத் தொட்டிக்கு முன்னாலும் ஒரு கும்பிடு போட்டார்.

மூன்றாவது வாரத்தில் ஒரு மேஸ்திரியைக் காணோம். தண்ணீருக்கு வெளியே குதித்திருக்கும் என்று நினைத்தோம். ஓட்டலைப் பெருக்கித் துடைக்க வாழவந்தியிலிருந்து ஒரு அம்மா வருவார். என் வயதுதான். மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் சோபாவை நகர்த்தி, மிதியடியைத் தூக்கிப் பார்த்து, கருவாடுகூட இல்லை என்று கையை விரித்தார். இரண்டு நாள் கழித்து இன்னொரு மேஸ்திரி. அப்புறம் மூன்றாவது. அப்புறம் ரைட்டர். மாஸ்டர் காலையில் எழுந்து சரணம் சொன்ன கையோடு மீன்களை எண்ணுவார். எண்ணிக்கை குறையக் குறைய அவர் குரலும் குறைந்துகொண்டே வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை துரையும் போய்விட்டது. அகலமான மீன், ஒரு ஆள் இல்லாமல் போன மாதிரி இருந்தது நடுத்தொட்டி.

மறுநாள் சனிக்கிழமை. முதலாளி வந்தார். தொட்டியைப் பார்த்தார். மாஸ்டரைப் பார்த்தார். திட்ட வேண்டும் என்று வாய் துடிக்கிறது. எதிரே நிற்பது கறுப்பு வேட்டி.

"சாமி, கோவிச்சுக்காதீங்க. மீனெல்லாம் எங்கீங்க சாமி?"

"தெரியலீங்க சாமி."

"இல்ல, ராத்திரிக்குத் தொட்டுக்க ஏதாச்சும் வேணுமின்னு..."

"நான் மாலை போட்டிருக்கறனுங்க சாமி."

"அதனாலதானே சாமி சாமின்னு கேட்டுட்டிருக்கறேன். இல்லீன்னா வேற மாதிரி கேட்டிருப்பேன்."

தொட்டுக்கொள்ள என்றால் எதற்குத் தொட்டுக்கொள்ள என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். மாஸ்டர் மணிமாலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதலாளி கெட்டவர் இல்லை. தான் சொல்வதைத் தானே நம்பப் பிடிக்காமல் என் பக்கம் திரும்பினார். "ஏந்தம்பி, அந்தக் கல்லுக்குள்ள பூச்சி கீச்சி ஏதாச்சும் இருக்குமோ?"

நானே பார்த்துப் பொறுக்கிய கல், அதற்கு வாய்ப்பே இல்லை என்று சொன்னேன். அந்த வாக்கியத்தில் பொறுக்கியது ஒன்றுதான் உண்மை, பார்க்கவில்லை. ஆனால் ஒரு புத்தகமும் கையுமாக இருப்பவன் அதைச் சொன்னதால் பேச்சு முடிந்துவிட்டது. பூச்சி இல்லை என்றால் மீனைத் தின்றது மனுசன்தான். அடுத்த சனிக்கிழமை வரைக்கும் பார்க்கிறேன், அதற்குள் விவரம் தெரியாவிட்டால் மில்லில் இருக்கிற அந்தப் பிள்ளையிடம் நான் ஜவாப்தாரி இல்லை என்று சொல்லிவிடுவேன் என்று மாஸ்டரிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு முதலாளி கார் ஏறினார்.

புதன்கிழமை காலை பதினோரு மணிக்குக் கரண்ட் போயிற்று. மார்கழி பிறக்கிற நேரத்தில் ஏற்காட்டில் கரண்ட் போனால் முதலில் குளிர்வது தொட்டிதான். தண்ணீரைச் சூடாக வைக்கும் கண்ணாடிக்குழல் அணைந்துவிடும். அதனால் ரூம் கம்பளி ஒன்றை எடுத்துத் தொட்டிக்குப் போர்த்திவிடுவோம். காற்று மோட்டாரும் நின்றுவிடுவதால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது சொம்பில் தண்ணீரை மொண்டு மேலிருந்து ஊற்ற வேண்டும். மாஸ்டர் அதை அபிஷேகம் செய்வது போலச் செய்வார். அன்றைக்கு அவர் குளிக்கப் போயிருந்ததால் சொம்பு என் கையில். வெளியே பனி வாசல் வரை வந்து நின்றது. மோட்டார் சத்தம் இல்லாத அமைதியில், கம்பளிக்கு உள்ளிருந்து டொக் என்று ஒரு சத்தம். சுத்தியலால் கொட்டைப்பாக்கை உடைத்தது போல. கண்ணாடிதான் விரிசல் விட்டுவிட்டது என்று பதறிக் கம்பளியின் ஓரத்தைத் தூக்கினேன்.

பாறையின் ஒரு ஓட்டையிலிருந்து இரண்டு கண்கள் என்னைப் பார்த்தன. பார்த்தன என்பதுகூடச் சரியில்லை. ஒரு கண் என்னைப் பார்த்தது. மற்றொன்று மாப்பிள்ளையைப் பார்த்தது. காம்பின் மேல் வைத்த கண்கள். அதற்குக் கீழே, கும்பிடுபூச்சிக்கு இருப்பது போல மடக்கிக் கூப்பிய இரண்டு கைகள். ஓட்டை வாசலில் உடைந்த நத்தை ஓடு. கம்பளி இருட்டை உண்மையான இருட்டு என்று நம்பி வெளியே வந்திருந்தது. நான் மூச்சு விட்டதும் உள்ளே போய்விட்டது.

அது மீன் இல்லை, ஒரு வகை இறால் என்பதும், கையாலேயே அடித்துக் கொல்லும் சாதி என்பதும் எனக்குத் தெரியும். முதல் பாதியில் அதற்கு ஒரு முழுப்பக்கப் படம் இருந்தது. உடனே நான் செய்திருக்க வேண்டியது, சேலத்துக்கு டிரங்கால் போட்டு முதலாளியிடம் விஷயத்தைச் சொல்வது. போன் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. நான் கம்பளியை இழுத்து மூடினேன். வாய்ப்பே இல்லை என்று சொல்லி நாலு நாள்தான் ஆகியிருந்தது. சனிக்கிழமைக்குள் நானே யாருக்கும் தெரியாமல் அதைப் பிடித்து எறிந்துவிட்டால், மீன் ஏதோ நோயில் போயிற்று என்று சொல்லிவிடலாம், என் மரியாதையும் மிஞ்சும், மாஸ்டரும் தப்பிப்பார் என்று ஒரு கணக்குப் போட்டேன். கோழைத்தனம் எப்போதும் எனக்கு இப்படித்தான், ஒரு திட்டம் போலவே வந்து சேரும்.

வியாழக்கிழமை காலை மாஸ்டர் கவுண்டருக்கு வந்து நின்றார். கொஞ்ச நேரம் சாவிப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"சாமி, நாந்தான் தூக்கத்துல ஏதாச்சும் பண்ணிப்போட்டனுங்களா?"

"என்ன சாமி பேசறீங்க?"

"இல்லீங்க, முன்னாலெல்லாம் பண்ணுனது எனக்கே தெரியாதில்லீங்களா. இப்பத் தொடறதில்லதான். ஆனா உள்ளுக்குள்ள அந்த ஆளு இன்னும் இருக்கறானோ என்னமோ."

அப்போதும் நான் சொல்லவில்லை. அப்படியெல்லாம் இருக்காது, போய்க் காப்பி குடியுங்கள் என்றேன். அவர் விரதத்தில் காப்பியையும் விட்டிருந்தார். அது எனக்கு நினைவில்லை.

வெள்ளிக்கிழமை தொட்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த வாழவந்தி அம்மா என்னைக் கூப்பிட்டார். "ஏனுங்க, இந்த வளை வாசல்ல ஓடு கெடக்குது பாருங்க. எங்க ஓடையில நண்டு இப்பிடித்தானுங்க. தின்னுபோட்டு ஓட்ட வாசல்ல போட்டுரும்." குனிந்து பார்ப்பது போல நான் பார்த்தேன். ஆமாம், இருக்கும் போலத்தான் தெரிகிறது என்றேன். அந்தம்மா கண்ணாடியை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"உங்களுக்கு முன்னாலயே தெரியுமுங்களா?"

நான் பேச்சை மாற்றி, ஆறு மாதம் சும்மா இருந்தது இப்போது மட்டும் ஏன் மீனைத் தின்ன வேண்டும் என்று ஒரு அறிவாளிக் கேள்வி கேட்டேன்.

"தெனமும் எறாப் போட்டுப் பழக்கிப்போட்டு, திடீர்னு பொட்டுக்கடலையப் போட்டா அது என்னுங்க பண்ணும்? அதென்ன மாலையா போட்டிருக்குது?"

புத்தகத்தின் எந்தப் பாதியிலும் இவ்வளவு தெளிவாக எழுதியிருக்கவில்லை. ஆறு மாதமாகப் பாறைக்குள் விழுந்த எறாத் துண்டுகளைத் தின்று எந்த வம்புக்கும் போகாமல் இருந்த பிராணியை, ஒரு மண்டலம் விரதம் இருக்க வைத்திருக்கிறோம். விரதத்தில் அது மட்டும் சேரவில்லை.

மாஸ்டரைக் கூப்பிட்டுச் சொன்னோம். இப்போதுதான் கண்டுபிடித்தோம் என்று நான் சொன்னதை வாழவந்தி அம்மா கேட்டுக்கொண்டு நின்றார், மறுக்கவில்லை. மாஸ்டர் ஸ்டாண்டைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்தார். சிரிக்கப்போகிறாரா அழப்போகிறாரா என்று தெரியவில்லை. கடைசியில், "பாவம், அதுக்கும் பசிதானுங்களே சாமி" என்றார். பிடித்துக் கொன்றுவிடலாம் என்று நான் சொன்னதும் எழுந்துவிட்டார். விரதத்தில் ஒரு உயிரைக் கொல்லக் கூடாது, உயிரோடு பிடிக்கலாம் என்றார்.

பொறி வைப்பது என் யோசனை. வாய் குறுகிய பாட்டிலுக்குள் எறாத் துண்டைப் போட்டுப் பாறைக்குப் பக்கத்தில் இறக்க வேண்டும். எறாவைப் பாட்டிலுக்குள் போடுவது யார் என்பதில் நின்றது வேலை. கறிச்சமையலில் கைதேர்ந்தவர் மாலை போட்டிருக்கிறார். மாலை போடாதவனுக்கு மீசையைக் கண்டால் பயம். வாழவந்தி அம்மா முந்தானையை வாயில் வைத்துச் சிரித்துவிட்டு, தானே எடுத்துப் போட்டார். கம்பளியைப் போர்த்துவிட்டு அரைமணி நேரம் காத்திருந்தோம். தூக்கிப் பார்த்தால் எறாவைக் காணோம், பாட்டிலின் கழுத்து உடைந்திருந்தது.

அதன் பிறகுதான் நான் புத்தகத்தின் இரண்டாம் பாதியைத் திறந்தேன். நாலாவது பக்கத்திலேயே இருந்தது: பாறையை வெளியே எடுத்து, ஓட்டைக்குள் சோடாவைச் செலுத்தினால் உள்ளே இருப்பது மூச்சுமுட்டி வெளியே வந்துவிடும். ஏப்ரலில் படித்திருக்க வேண்டியதை டிசம்பரில் படித்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி இரண்டு கோலி சோடா வாங்கி வந்தேன். பாறையைத் தூக்கிக் கடல் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் டப்பில் வைத்து, வளை வெளியே தெரியும்படி மாஸ்டர் பிடித்துக்கொண்டார். பேனாவுக்கு மை ஊற்றுகிற ஃபில்லரைக் கழுவி, சோடாவை உறிஞ்சி ஓட்டைக்குள் பீய்ச்சினேன். ஒன்றும் இல்லை. இரண்டாவது தடவை குமிழி வந்தது. மூன்றாவது தடவை அது டப்புக்குள் தாவி விழுந்தது.

விரல் நீளம்தான். ஆனால் பச்சை, சிவப்பு, நீலம் என்று தேர்த் திருவிழாவையே உடம்பில் சுற்றியிருந்தது. அவ்வளவு அழகான ஒன்று ஆறு மாதம் எங்களோடு இருந்திருக்கிறது, ஒருவரும் பார்க்கவில்லை. நான் வெறுங்கையை விட்டுப் பிடிக்கப் போனேன். டொக். என் கட்டைவிரல் நகம் நடுவில் பிளந்தது. நான் விரலை வாயில் வைத்துக்கொண்டு குதித்தபோது மாஸ்டர் டீ வடிகட்டியால் அதை நிதானமாக ஏந்தி எடுத்து, கடல் தண்ணீர் ஊற்றிய ஊறுகாய் ஜாடிக்குள் விட்டார். காற்றுக்குழாயில் ஒன்றைப் பிரித்து ஜாடிக்குள் போட்டோம். கண்ணாடி ஜாடி என்பதால் எல்லாம் தெரிந்தது. உடைத்துவிடுமோ என்று பயந்தேன். எறா ஒன்றைப் போட்டதும் அமைதியாகிவிட்டது.

சனிக்கிழமை முதலாளி வந்து ஜாடியை வெகுநேரம் பார்த்தார். அது ஒரு கண்ணால் அவரைப் பார்த்தது. பிறகு அவர் மாஸ்டருக்கு முன்னால் போய்க் கையைக் கூப்பினார். "தப்பா நெனச்சுப்போட்டேன், மன்னிச்சுக்கங்க சாமி." மாஸ்டர் பதறிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தேன். முதலாளி நிமிரவில்லை.

"சனிக்கிழமை வரைக்கும் பொறுத்திருக்கலாம். மனசு கேக்கல. அந்தப் புள்ளைகிட்ட நான் ஜவாப்தாரி இல்லீன்னு சொல்லிப்போட்டேன்."

அந்தம்மா என்ன சொன்னார் என்று மாஸ்டர் கேட்டார். களத்தில் ஜவ்வரிசியைக் கிளறிக்கொண்டே இருந்தாராம். இப்போது போய் விஷயத்தைச் சொல்கிறேன், ஆனால் குடிகாரனுக்கு முதலாளி பரிந்து பேசுகிறார் என்றுதான் நினைப்பார் என்று முதலாளியே சொன்னார். மாஸ்டர் அன்று மதியம் சாப்பிடவில்லை. ஜாடிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். அது போய்விட்டால் சாட்சி போய்விடும் என்கிற மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் மாஸ்டரின் மனைவியே வந்தார். நான் அவரைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. மெலிந்த உடம்பு. மலைக்குளிருக்குப் போதாத ஒரு நூல் புடவை, கையில் ஒரு மஞ்சள் பை. மாஸ்டர் எழுந்து நின்றார். அந்தம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. நேரே ஜாடிக்கு வந்து குனிந்து பார்த்தார். அது வளைந்து திரும்பி, இரண்டு கண்ணையும் இரண்டு பக்கம் சுழற்றியது. எறா ஒன்றைப் போட்டுக் காட்டச் சொன்னார். வாழவந்தி அம்மா போட்டார். டொக். ஜாடி அதிர்ந்தது. அந்தம்மாவின் தோள் ஒருமுறை குலுங்கியது.

"எத்தன மீனுங்க தின்னுது?"

"அஞ்சுங்க" என்றேன்.

"இதுன்னு எப்பக் கண்டுபுடிச்சீங்க?"

வெள்ளிக்கிழமை என்று சொல்ல வாயைத் திறந்தேன். வாழவந்தி அம்மா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நகம் பிளந்த விரல் வேறு விண்விண் என்று தெறித்தது.

"புதன்கிழமைங்க."

அந்தம்மா ஜாடியை விட்டு நிமிர்ந்தார். பிறகு, ஏசுகிற குரலே இல்லாமல், ஒரு விவரத்தைச் சரி பார்க்கிற மாதிரி சொன்னார்: "மொதலாளி எங்கிட்டச் சொன்னது வெசாழக்கெழமைங்க."

மாஸ்டர் என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்து நின்றேன், வரவில்லை. தூக்கத்தில் நான்தான் செய்தேனா என்று என்னிடம் வந்து கேட்ட காலையை அவர் நினைத்துக்கொண்டிருப்பார் என்று மட்டும் தெரிந்தது.

அந்தம்மா மஞ்சள் பையைக் கீழே வைத்துவிட்டு, முதல் தடவையாகக் கணவரின் பக்கம் திரும்பினார். "இருமுடி கட்ட இன்னும் எத்தன நாளு சாமி?"

சாமி என்ற சொல் காதில் விழுந்ததும் மாஸ்டர் மணிமாலையைப் பிடித்துக்கொண்டார். பதினொரு நாள் என்றார். அதுவரைக்கும் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு திரியாதீங்க, குளிர் உடம்புக்கு ஆகாது என்று அந்தம்மா சொல்லிவிட்டு, பைக்குள்ளிருந்து காய்ந்த கறுப்பு வேட்டி ஒன்றை எடுத்து நாற்காலியின் மேல் வைத்தார். வியாழக்கிழமைக்கு முன்பே வாங்கி வைத்தது, அதற்குப் பிறகு யாருக்கு என்று தெரியாமல் பையிலேயே கிடந்தது என்று பின்னால் மாஸ்டர் சொன்னார். அன்று இருவரும் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து மாப்பிள்ளையையும் பொண்ணையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலு மணி பஸ்ஸுக்கு அந்தம்மா இறங்கிப் போனார்.

ஜாடியை மறுவாரம் பாண்டிச்சேரி லாரிக்காரரிடம் கொடுத்தனுப்பினோம், கடலில் விட்டுவிடச் சொல்லி. விட்டாரா, வழியில் குழம்பு வைத்தாரா, கேட்கவில்லை. தொட்டி இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது. பிறகு ஒரு கோடையில் கரண்ட் தொடர்ந்து இரண்டு நாள் போனதில் கடல் முடிந்து, அதே இடத்தில் வாடகை வீடியோ கேசட் அலமாரி வந்தது.

மாஸ்டர் மலைக்குப் போய் வந்தார். தை பிறந்ததும் அந்தம்மா மேலே வந்துவிட்டார். தலைச்சோலைக்குப் போகிற வழியில் ஒரு சின்ன வீடு. நான் அந்த ஓட்டலில் இருந்த மிச்ச வருடங்களில் மாஸ்டர் குடித்து நான் பார்த்ததில்லை. அவரும் அந்தப் புதன்கிழமையைப் பற்றி என்னிடம் ஒருநாளும் பேசியதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தம்மா வீட்டில் சமைத்து ஓட்டல் ஆட்கள் எல்லோருக்கும் கொடுத்தனுப்புவார். சைவம் என்று எனக்கு மட்டும் தனித் தூக்கில் வரும். கத்தரிக்காய்க் குழம்பு, பச்சைப் பயறு கடைசல், உறைந்த கெட்டித் தயிர். தூக்கைத் திருப்பிக் கொடுக்கப் போனால், உள்ளேயிருந்து கை மட்டும் நீண்டு வாங்கிக்கொள்ளும். ஐந்து வருடம் அப்படி நடந்தது. சாப்பாட்டில் ஒருநாளும் ஒரு குறை இருந்ததில்லை. பேச்சுதான் வரவில்லை.